ஞாயிற்றுக்கிழமை கடையை மூடலாமா?

கேள்வி நீளமாக வந்திருந்தது. சுருக்கித் தருகிறேன்: "சென்னையில் பதினொரு வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். வயது 43. காலை ஐந்தரைக்குத் திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் மூடுவேன். பொங்கல், கிறிஸ்துமஸ் தவிர லீவு கிடையாது. போன மாதம் பிரஷர் 150/96 என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஞாயிறு மூடச் சொல்கிறார்கள். எனக்கு ஞாயிறுதான் வியாபாரமே. வாரம் ஒரு நாள் ஓய்வு உடம்புக்கு உண்மையிலேயே தேவையா? இதில் விசுவாசத்தை இழுப்பது சரியா? ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்று சொந்தக்காரர்களுக்குள்ளேயே சண்டை வேறு, மச்சான் சனி ஆசரிக்கிறவர். ஞாயிறு அன்று பழக்கப்பட்டவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வது?"

தம்பி, நான் முப்பது வருஷம் பொது மருத்துவம் பார்த்தவன். என் அப்பாவும் கடைக்காரர்தான். அதனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 17 மணி நேரம், வாரத்துக்கு 119 மணி நேரம். "பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்" என்பீர்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பதும் வேலைதான். கண் வாசலிலும் காது போனிலும் இருக்கும்போது உடம்பு ஓய்வில் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். 55 மணிக்கே இந்த நிலை. நீங்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இருக்கிறீர்கள்.

ஞாயிறு முழுக்க மூடினாலும் 102 மணி நேரம் மிச்சம் இருக்கும். அதனால் ஒரு நாள் ஓய்வு எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வாரம் ஒரு நாள் ஓய்வெடுத்தால் பிரஷர் இத்தனை பாயிண்ட் இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரையை ஓய்வுநாளிலும் போட வேண்டும். கூடவே பழைய கடைக்காரர்கள் செய்ததுபோல மதியம் இரண்டு மணி நேரம் மூட முடியுமா என்றும் பாருங்கள். இரவு பத்தரையை ஒன்பதரை ஆக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஏன் என்றால், ஆரோக்கியமான உடம்பில் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். ரத்தக்குழாய்களுக்கு ஒரு நாளில் கிடைக்கும் நீண்ட ஆறுதல் அந்த நேரம்தான். பத்தரைக்கு மூடி, கல்லா எண்ணி, பதினொன்றரைக்குச் சாப்பிட்டு, பன்னிரண்டுக்கு மேல் படுத்து, நாலே முக்காலுக்கு எழுந்தால் அந்த ஆறுதலைப் பாதியில் பிடுங்கிக்கொள்கிறீர்கள்.

அப்படியானால் ஓய்வுநாளால் என்னதான் கிடைக்கும்? தூக்கக் கடனில் கொஞ்சம் அடையும், முழுதாக அடையாது. ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடும் மூன்று வேளை. வெயிலில் ஒரு நடை. இதையெல்லாம்விடப் பெரியது, மனம் கடையை விட்டு வெளியே வருவது. வேலை முடிந்த பிறகும் வேலையையே மென்றுகொண்டிருப்பவர்களுக்குத் தூக்கமும் கெடும், களைப்பும் தீராது. மூடிய கடை மண்டைக்குள் திறந்திருந்தால் அது ஓய்வே இல்லை. எத்தனையோ கடைக்காரர்கள் "லீவு போட்டேன் டாக்டர், ஒன்றும் குறையவில்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். விசாரித்தால், லீவு அன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடன் நோட்டைப் புரட்டியிருப்பார்கள்.

ஓய்வு என்ற பெயரில் நாம் செய்யும் தப்பும் உண்டு. ஞாயிறு பதினொரு மணி வரை தூங்குவது, பிரியாணி, கூடவே அப்பளமும் ஊறுகாயும், சாப்பிட்டதும் மறுபடி படுக்கை. அன்று இரவு தூக்கம் வராது, திங்கள் காலை உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். எழும் நேரம் மற்ற நாளைவிட ஒரு மணி நேரம் தள்ளிப்போகலாம், அதற்கு மேல் வேண்டாம். மதியம் அரை மணி கண்ணயரலாம். உங்கள் பிரஷருக்கு உப்பில் கை வைத்துத்தான் ஆக வேண்டும், கருவாட்டுக் குழம்புக்கு ஞாயிறு என்று விலக்கு இல்லை. ஒன்று முக்கியம்: மூட்டை தூக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கமோ மூச்சு வாங்கலோ வந்தால் ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே போய்க் காட்டுங்கள்.

இனி விசுவாசம். இதை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்புக்காக மட்டும் எடுக்கும் ஓய்வு நாலு வாரத்துக்கு மேல் நிலைக்காது என்பது நான் கண்டது. ஐந்தாம் வாரம் ஒரு கல்யாண ஆர்டர் வரும், "இந்த ஒரு தடவை" என்று திறப்போம், அவ்வளவுதான். உடம்பிடம் தவணை கேட்கலாம் என்று நமக்குத் தோன்றும். என் அப்பா ஐம்பது வருஷம் ஒரு ஞாயிறுகூடத் திறக்காததற்குக் காரணம், அதை அவர் தன் விருப்பத்துக்கு விட்ட விஷயமாக நினைக்கவே இல்லை.

அவர் கடைக்குப் பலகைக் கதவு. ஒன்பது பலகைகள், ஒவ்வொன்றின் தலையிலும் தார்ப் பேனாவால் எண் எழுதியிருக்கும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு முதல் பலகையை எடுத்துச் சட்டத்தில் செருகுவார். எட்டாவது பலகை வரை செருகிவிட்டு, ஒன்பதாவதைக் கையில் பிடித்தபடி உள்ளே ஒரு தடவை பார்ப்பார். தராசுத் தட்டுகளைத் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கும். சாக்கு மூட்டைகளின் வாய் மடித்திருக்கும். கடைப்பையன்கள் இரண்டு பேருக்கும் வாரக் கூலியைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் கருப்பட்டி கட்டித் தந்து, கடைசி பஸ்ஸுக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் ஒன்பதாவது பலகை. இரும்புப் பட்டையை இழுத்துப் பூட்டினால் திங்கள் விடியும் வரை அந்தச் சாவி அம்மாவின் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். எடை போட வேண்டிய மூட்டைகள் உள்ளே அப்படியேதான் கிடக்கும். வேலை முடிந்ததால் அவர் மூடவில்லை. நேரம் வந்ததால் மூடினார்.

வேதத்தில் ஓய்வுநாளின் சாரமே இதுதான் என்று நான் நினைக்கிறேன். யாத்திராகமம் 20-இல் "ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக" என்று கட்டளை வருவதற்கு முன்பே, 16-ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் தேவன் தினமும் தந்த உணவான மன்னாவின் கதை வந்துவிடுகிறது. ஆறாம் நாளில் இரண்டு பங்கு கிடைத்தது. ஏழாம் நாளில் வெளியே போகாதீர்கள் என்று சொல்லியும் சிலர் கூடையோடு போனார்கள், ஒன்றும் காணவில்லை. "ஒரு நாள் மூடினால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது" என்ற பயம் புதிது இல்லை, தம்பி. வனாந்தரத்தில் நின்றவர்களுக்கும் அதே பயம்தான்.

இன்னொரு இடத்தைப் பாருங்கள், இது நம்மூரில் அதிகம் பிரசங்கிக்கப்படுவதில்லை. யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் சிருஷ்டிப்பு: தேவன் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-இல் அதே கட்டளை மறுபடி வரும்போது காரணம் மாறுகிறது. நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், உன்னைக் கர்த்தர் புறப்படப்பண்ணினார், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. மாடும் கழுதையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. லீவு எடுக்க முடியாதவன்தான் அடிமை. லீவு எடுக்கிற நாளில் மனுஷன் தான் அடிமை இல்லை என்று அறிவிக்கிறான்.

நம் முன்னோர்களுக்கு இது வெறும் பிரசங்கமாக இருக்கவில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், ஒடுக்கப்பட்ட சாதியார்மேல் "ஊழியம்" என்று கூலியில்லா வேலை சுமத்தப்பட்டிருந்தது. கூப்பிட்ட நாளில் போக வேண்டும். 1810-களில், கர்னல் மன்றோ அங்கே ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியாக, இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களானவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு அழைக்கக் கூடாது என்று உத்தரவானது. நினைத்துப் பாருங்கள், ஏழு நாளும் அடுத்தவனுடையதாக இருந்த வாழ்க்கையில் ஒரு நாள் தன்னுடையது ஆகிறது. அன்று வேட்டி துவைத்துக் கட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்கு நடந்தவர்களுக்கு அந்த நாளின் ருசி எப்படி இருந்திருக்கும்! அப்படிக் கிடைத்த நாளை நாமே கல்லாவில் போட்டுவிட்டோம் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விசுவாசம் வேறான இடத்திலும் இதே கதைதான் நடந்தது. பம்பாய் மில்களில் ஞாயிறு விடுமுறை கேட்டு தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகாண்டே 1884 முதல் மனு கொடுத்துப் போராடி, 1890-இல்தான் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். நாட்காட்டியில் ஞாயிறு சிவப்பாக அச்சாகிறதே, அந்தச் சிவப்புக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

சனியா ஞாயிறா என்ற சண்டைக்கு வருகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் இது பழைய சண்டை. அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை மிஷனரிகளோடு முரண்பட்டு 1857-இல் நாசரேத் பக்கத்தில் தனிச் சபை தொடங்கியபோது, பழைய ஏற்பாட்டு முறைப்படி சனிக்கிழமையையே ஓய்வுநாளாக வைத்துக்கொண்டார்கள். பிறகு, சனிக்கிழமையை ஆசரிக்கும் ஏழாம் நாள் ஆட்வெண்டிஸ்டு சபையும் அந்த வட்டாரத்திலேயே வேரூன்றியது. கட்டளையில் இருப்பது ஏழாம் நாள்தான், அது சனி என்பதில் சந்தேகம் இல்லை. வாரத்தின் முதல் நாளில் கூடியது உயிர்த்தெழுதலின் நினைவாக ஆதி சபையில் தொடங்கிய வழக்கம். அரசனின் சட்டமாக ஞாயிறு ஓய்வுநாள் ஆனது 321-இல், கான்ஸ்டன்டைன் காலத்தில். அந்தச் சட்டத்திலும் விவசாயிகளுக்கு விலக்கு இருந்தது. என்னைக் கேட்டால் இரண்டு பக்கத்தையும் மதிக்கிறேன். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயித்திருக்கட்டும் என்று பவுல் ரோமர் 14-இல் எழுதியதை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் குடும்பம் ஞாயிறு ஆராதனைக்குப் போகிற குடும்பம், பிள்ளைகள் ஓய்வுநாள் பாடசாலைக்குப் போகிறார்கள். உங்களுக்கு ஞாயிறு. சனி ஆசரிக்கிற உங்கள் மச்சானுக்குச் சனி. நாளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு எந்த நாளும் ஓயாமல் இருப்பதுதான் பெரிய தப்பு.

ஆட்வெண்டிஸ்டுகளைச் சொன்னதும் உங்கள் மச்சான் ஒரு ஆய்வைச் சொல்லியிருப்பார். கலிபோர்னியாவில் உள்ள அந்தச் சபையார் மற்றவர்களைவிட ஆண்கள் 7 வருஷத்துக்கு மேலும், பெண்கள் 4 வருஷத்துக்கு மேலும் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001-இல் வெளிவந்தது. உண்மைதான். ஆனால் அவர்கள் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, நிறையப் பேர் இறைச்சி சாப்பிடுவதில்லை, கொட்டை வகைகள் சாப்பிடுகிறார்கள், உடற்பயிற்சி செய்கிறார்கள். ஓய்வுநாளின் பங்கு அதில் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. எனக்குத் தோன்றுவது, வாரம் ஒரு நாள் வேலைக்கு "போதும்" என்று சொல்லப் பழகியவனுக்குத் தட்டுக்கும் "போதும்" என்று சொல்வது கொஞ்சம் எளிது. இது என் அபிப்பிராயம்தான்.

வேறொரு யோசனையும் வரும் உங்களுக்கு: "ஞாயிறு வியாபாரம் போக வேண்டாம், செவ்வாய் மதியம் நான் மட்டும் ஓய்வெடுக்கிறேன், கடையை மனைவி பார்க்கட்டும்." தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள். சோவியத் ஒன்றியத்தில் 1929-இல் ஞாயிறை எடுத்துவிட்டு, தொழிலாளர்களை ஐந்து கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெவ்வேறு நாளில் ஓய்வு கொடுத்தார்கள். இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பது நோக்கம். கணக்குப்படி அவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறை ஓய்வு, முன்பைவிட அதிகம். ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள், பிள்ளைக்குப் பள்ளி. தனியாக வீட்டில் உட்கார்ந்திருப்பது என்ன ஓய்வு என்று மக்கள் குமுறினார்கள். இரண்டே வருஷத்தில் அந்த முறையைத் தளர்த்த வேண்டியதாயிற்று, 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பி வந்தன. ஓய்வு என்பது எல்லோரும் ஒரே நேரத்தில் கை கழுவி உட்காருவது. உங்கள் மனைவி கல்லாவில் இருந்தால் நீங்கள் ஆசரிப்பது ஓய்வுநாள் அல்ல.

கடைப்பையன்களைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் கடையில் மூன்று பேராவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ஆம் வருஷத்துச் சட்டம், வேலையாளுக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை தரச் சொல்கிறது, சம்பளம் பிடிக்காமல். 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தில் உட்கார இருக்கை கொடுக்கவும் சொல்லிவிட்டார்கள். சட்டத்துக்கு முன்பே உபாகமம் சொல்லிவிட்டது. உங்களுக்கு ஓய்வு கிடைத்து, அந்தப் பிள்ளைகள் அன்று குடோனில் மூட்டை அடுக்கினால் என் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

வியாபாரம் எவ்வளவு போகும்? கொஞ்சம் போகும், அதை மறைக்கவில்லை. மளிகையில் ஒரு நல்ல விஷயம், ஞாயிறு அரிசி வாங்க நினைத்தவர் அந்த வாரம் அரிசி வாங்காமல் இருக்கமாட்டார், சனி இரவோ திங்களோ வாங்குவார். பால், கறிவேப்பிலை, தோசை மாவு போய்விடும். எடுத்ததும் முழு நாள் பயமாக இருந்தால், முதல் மாதம் ஞாயிறு காலை எட்டரை வரை மட்டும் பால் கொடுத்துவிட்டு மூடுங்கள், ஆலயத்தின் இரண்டாம் மணி அடிக்கும்போது உள்ளே இருக்கலாம். அடுத்த மாதம் முழு நாள். "ஞாயிறு விடுமுறை" என்று பெரிய எழுத்தில் போர்டு எழுதி இரண்டு வாரம் முன்பே மாட்டுங்கள். இன்றைக்கு உண்டா இல்லையா என்று வாடிக்கையாளரைத் தடுமாற வைத்தால்தான் அவர் வேறு கடைக்குப் பழகுவார். பணம் வந்தது என்று சத்தமாகச் சொல்லும் பெட்டியை அன்று அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் ஆர்டரைத் திங்கள் காலை பாருங்கள்.

ஆமோஸ் 8-இல் சில வியாபாரிகள் வருகிறார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், தானியம் விற்கலாமே என்று முணுமுணுக்கிறார்கள். அதே மூச்சில் தானியம் அளக்கும் மரக்காலைச் சின்னதாக்குவதைப் பற்றியும், கள்ளத்தராசைப் பற்றியும் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் வருவதைக் கடைக்காரர் மகனாக நான் மறந்ததே இல்லை.

இதற்காக ஓய்வுநாளை இரும்புப் பூட்டாகவும் ஆக்க வேண்டாம். "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று இயேசு சொன்னது மாற்கு 2-இல் இருக்கிறது. இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்கள் ஆசாரமான யூதர்கள். வெள்ளி மாலை சூரியன் மறையும் முன்பே விளக்கேற்றி, அடுப்பு மூட்டாமல், சமைத்ததைச் சூட்டில் வைத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்களும் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ஓய்வுநாளை மீற வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். நானும் எத்தனையோ ஞாயிறுகளில் ஆராதனையிலிருந்து பாதியில் எழுந்து நோயாளியைப் பார்க்கப் போயிருக்கிறேன். அப்படிப் போன வாரங்களில் புதன் மதியத்தை ஈடாக எடுத்துக்கொள்வேன்.

ஞாயிறு அன்று பழக்கப்பட்டவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் தட்டுவார்கள். திடீரென்று விருந்தாளி வந்துவிட்டார்கள், சீனி இல்லை என்று எதிர்வீட்டு அத்தை டம்ளரோடு நிற்பார். அப்பா சாவியை எடுக்கமாட்டார். அம்மா எங்கள் அடுக்களை டின்னிலிருந்து டம்ளர் நிறைய அள்ளிக் கொடுப்பாள், காசு வாங்கமாட்டாள். திங்கள் காலை அத்தை கடைக்கு வந்து சீனி வாங்கி, அங்கேயே டம்ளரில் அளந்து, எங்கள் வீட்டுப் பின்வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.